அடுத்த ஐபோனில் என்ன வரும்? பழைய ஐபோனுக்கு என்ன கிடைக்கும்?

செப்டம்பர் மாதம் நெருங்கிவிட்டால் செமிலிங்கிலும் அந்தப் பேச்சு கிளம்பிவிடுகிறது. "புது ஐபோன் வரப் போகிறதாம். இப்போதே வாங்குவதா, கொஞ்சம் பொறுப்பதா?" கேட்பவர் பெரும்பாலும் கூலிமிலோ பினாங்கிலோ தொழிற்சாலை வேலைக்குப் போய்வரும் பிள்ளையாக இருப்பார். கேமரா எத்தனை, திரை எவ்வளவு பெரிது, மாதத் தவணை எத்தனை வெள்ளி என்று பேச்சு நீளும். அதே வீட்டில் அடுப்படியில் நிற்கும் அம்மா இதில் வாய் திறப்பதில்லை. ஆனால், அந்த முடிவு அவரையும் சேர்த்தே பாதிக்கிறது என்பதை வீட்டில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

காரணம் எளிமையானது. கெடாவின் தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் ஓர் ஐபோன் ஒரே கையில் தொடங்கி ஒரே கையில் முடிவதில்லை. மகன் இரண்டு, மூன்று வருடம் வைத்திருந்துவிட்டுப் புதியது வாங்குகிறார். பழையது அம்மாவுக்குப் போகிறது. அம்மாவிடம் இருந்தது பாட்டிக்கோ, இடைநிலைப்பள்ளிக்குப் போகும் தம்பிக்கோ போகிறது. ஆக, ஒரு கைத்தொலைபேசி மூன்று பேரிடம் ஏழு, எட்டு வருடங்கள் உழைக்க வேண்டியிருக்கிறது. வாங்கும் நாளில் கேமராவைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஆறாவது வருடத்தில் அந்தக் கருவிக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் விசாரிப்பதில்லை.

தொலைக்காட்சிக் கருத்தரங்குகளில் இந்தத் தலைப்பு வந்தாலும் "ஐபோனா, ஆண்ட்ராய்டா?" என்று இரண்டு அணியாகப் பிரிந்து சண்டை போடுவதுதான் வழக்கம். அந்தச் சண்டையில் கைதட்டல் கிடைக்கும். தவணை கட்டுபவருக்கு ஒன்றும் கிடைக்காது.

ஜூனில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று

ஆப்பிள் நிறுவனத்தின் வருடக் கணக்கு ஏறக்குறைய நம் தீபாவளி, பொங்கல் போல முறை தவறாமல் வருவது. ஜூன் மாதத்தில் மென்பொருள் தயாரிப்பாளர்களுக்கான மாநாட்டை நடத்தும். அடுத்து வரப்போகும் இயங்குதளத்தில், அதாவது கைத்தொலைபேசியை உள்ளிருந்து இயக்கும் அடிப்படை மென்பொருளில், என்னென்ன இருக்கும் என்பதை அங்கே மேடையில் காட்டும். செப்டம்பரில் புதிய ஐபோன்களை அறிவிக்கும். அதையொட்டி அந்த இயங்குதளமும் எல்லோருக்கும் இலவசமாக வந்துசேரும். கோவிட் வந்த 2020-இல் மட்டும் புதிய ஐபோன்கள் அக்டோபருக்குத் தள்ளிப் போயின.

2025-ஆம் ஆண்டைப் பார்த்தால் இது விளங்கும். ஜூன் 9-இல் அறிவிப்பு. செப்டம்பர் 15-இல் ஐஓஎஸ் 26 வெளியீடு. செப்டம்பர் 19-இல் ஐபோன் 17 விற்பனைக்கு வந்தது. 18-க்கு அடுத்தது 19 தானே, எப்படி 26 ஆனது என்று பலர் குழம்பினார்கள். வருகிற ஆண்டின் எண்ணையே பெயராக வைக்கும் முறைக்கு ஆப்பிள் மாறியதுதான் காரணம். இடையில் ஏழு பதிப்புகளைத் தவறவிட்டு விட்டோமோ என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

ஜூனுக்கும் செப்டம்பருக்கும் வெளியே கேள்விப்படுவதெல்லாம் பெரும்பாலும் வதந்தி. அதில் சில பலிக்கின்றன, பல பலிப்பதில்லை. ஆப்பிள் ஏன் முன்கூட்டியே வாய் திறப்பதில்லை என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆஸ்போர்ன் என்ற கணினி நிறுவனம் நன்றாக விற்பனையாகிக்கொண்டிருந்தது. அடுத்த கணினி இதைவிடச் சிறப்பாக இருக்கும் என்ற செய்தி, அது தயாராவதற்கு முன்பே வெளியானது. கடைக்கு வந்தவர்கள் "அது வரட்டும், பார்த்துக் கொள்ளலாம்" என்று திரும்பிப் போனார்கள். 1983-இல் நிறுவனம் திவாலானது. அந்த ஒரே காரணத்தால்தான் அது சாய்ந்தது என்று சொல்ல முடியாது. வேறு சிக்கல்களும் இருந்தன. ஆனாலும் அந்தப் பாடத்தைத் தொழில்நுட்ப நிறுவனங்கள் மறக்கவே இல்லை. வாங்குகிறவர் காத்திருப்பது விற்கிறவருக்கு நஷ்டம். அதனால் புதிய கருவியை ரகசியமாக வைப்பார்கள், மென்பொருளை மட்டும் மூன்று மாதம் முன்னதாகக் காட்டுவார்கள்.

தமிழ் எப்போது வந்தது?

தமிழ்க் குடும்பத்துக்கு இதில் உண்மையாகவே முக்கியமான பகுதி இனிதான் வருகிறது. 2007-இல் முதல் ஐபோன் வெளியானபோது அதில் தமிழ் இல்லை. தமிழில் செய்தி வந்தால் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கட்டங்களை எழுத்துகளாக மாற்றிய வேலையில் ஒரு மலேசியருக்கு முக்கியப் பங்கு உண்டு. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், 1980-களிலேயே முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கியவர். பின்னாளில் கைத்தொலைபேசிக்குச் செல்லினம் என்ற செயலியைக் கொண்டு வந்தார். ஆப்பிளின் மேக் கணினிகளில் தமிழைக் காட்டிய இணைமதி எழுத்துரு அவர் வடிவமைத்ததுதான். ஆப்பிள் கருவிகளில் இடம்பெற்ற தமிழ்ச் சங்கம் எம்என் எழுத்துருவும் அவருடையதே. அதன் பெயரில் இருக்கும் எம்என் அவருடைய பெயரின் முதலெழுத்துகள். அமெரிக்க நிறுவனம் ஒன்று தயாரித்த கருவியில் மலேசியத் தமிழர் ஒருவர் வரைந்த எழுத்தைத்தான் செமிலிங்கில் இருப்பவர்களும் படித்தார்கள்.

2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோது தமிழ் விசைப்பலகை ஐபோனிலேயே அமைந்து வந்தது. அஞ்சல், தமிழ் 99 என்ற இரண்டு முறைகளும் அதில் இருந்தன. 2014-இல் ஐஓஎஸ் 8, வெளியார் உருவாக்கும் விசைப்பலகைகளுக்கும் இடம் கொடுத்தது. அதன் பிறகு தமிழில் வாட்ஸ்அப் செய்தி அனுப்புவது ஒரு சாதனையாக இல்லாமல் சாதாரணக் காரியமானது.

ஆனால், எழுதுவது வேறு. கருவியே தமிழில் பேசுவது வேறு. "அமைப்புகள்", "அழைப்பு", "அழி" என்று பட்டியல் முழுவதும் தமிழில் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பல வருடம் எதிர்பார்ப்பாகவே கிடந்தது. இந்த விஷயத்தில் ஆண்ட்ராய்டு முந்திக் கொண்டது. 2014-இல் வந்த அதன் 5.0 பதிப்பிலேயே முகப்பு மொழிகளில் தமிழ் இருந்தது. ஆப்பிள் பத்து வருடத்துக்கு மேல் பின்தங்கியது. இவ்வளவு பணமும் ஆளும் உள்ள நிறுவனத்துக்கு இது பெருமையான செய்தி அல்ல. கடைசியில் 2025 மார்ச் 31-இல் வந்த ஐஓஎஸ் 18.4-இல், தெலுங்கு, மலையாளம், கன்னடம், வங்காளம் உள்ளிட்ட ஒன்பது மொழிகளோடு தமிழும் முழு முகப்பு மொழியானது.

இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2017 நவம்பரில் ஐபோன் எக்ஸ் வந்தது. அமெரிக்காவில் அதன் விலை 999 டாலர். அப்போது அதுதான் ஆப்பிளின் உச்சம். அடுத்த வருடம், 2018 அக்டோபரில், ஐபோன் எக்ஸ்ஆர் வந்தது. அதன் விலை 749 டாலர். கேமரா ஒன்றுதான், திரையும் அவ்வளவு உயர்தரம் இல்லை. "ஏழைகளின் ஐபோன்" என்று கேலி பேசியவர்களும் உண்டு. ஆனால், ஐபோன் எக்ஸ் ஐஓஎஸ் 16-ஓடு நின்று போனது. எக்ஸ்ஆர் ஐஓஎஸ் 18 வரை வந்தது. அதாவது, விலை குறைந்த எக்ஸ்ஆர் ஏழாவது வயதில் ஒரு காசு செலவில்லாமல் தமிழ் பேசக் கற்றுக்கொண்டது. 250 டாலர் அதிகம் கொடுத்து வாங்கிய ஐபோன் எக்ஸுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவே இல்லை.

இரண்டு கருவிகளுக்கும் ஒரு வருடம்கூட முழுதாக இடைவெளி இல்லை. 2017 தீபாவளி முடிந்த கையோடு வந்த புதுக் கருவியை வாங்கியவரின் பாட்டிக்கு இன்று ஆங்கிலப் பட்டியல். மறு வருடத் தீபாவளிக்கு எக்ஸ்ஆர் வாங்கியவரின் பாட்டிக்குத் தமிழ்ப் பட்டியல். கடையில் நின்று கேமராவை ஒப்பிட்டவர் யாரும் இதைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்.

பழைய கருவிகளை ஏன் ஒதுக்குகிறார்கள்? ஒவ்வொரு புதிய இயங்குதளமும் புதிய சில்லுகளின் வேகத்தையும் நினைவகத்தையும் நம்பி எழுதப்படுகிறது. பழைய சில்லு ஒவ்வொன்றிலும் அதைச் சோதித்துப் பார்ப்பதும் தனி வேலை. இது தொழில்நுட்பக் காரணம். புதியது விற்க வேண்டும் என்ற வியாபாரக் கணக்கும் கூடவே இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஐஓஎஸ் 26 வந்தபோது எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ், எக்ஸ்எஸ் மேக்ஸ் ஆகிய மூன்றும் பட்டியலிலிருந்து கழன்றன. ஐபோன் 11-உம் அதற்குப் பின் வந்தவையும் மட்டுமே அதை ஏற்றன. கழன்றுவிட்டால் கருவி அன்றே செத்துப் போனதாக அர்த்தமில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் சில காலம் வந்துகொண்டிருக்கும். 2013-இல் வெளியான ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஒரு திருத்தம் வந்தது.

"புதுப்பித்தால் மெதுவாகிவிடும்" என்ற பயம்

இவ்வளவு சொன்ன பிறகும் பல வீடுகளில் ஒரு பிடிவாதம் உண்டு. புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால் "பிறகு" என்பதை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். புதுப்பித்தால் போன் மெதுவாகிவிடும், வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்வார்கள். இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்ட விஷயம் இது. மின்கலம் தேய்ந்துபோன ஐபோன் 6, 6எஸ் போன்றவற்றின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்திருந்தது. பழைய மின்கலத்தால் திடீர் மின்தேவையைத் தாங்க முடியாமல் கருவி அணைந்துவிடுகிறது, அதைத் தடுக்கவே செய்தோம் என்பது அதன் விளக்கம். விளக்கத்தில் பொருள் இருந்தது. ஆனால், வாங்கியவர்களிடம் சொல்லாமல் செய்ததுதான் குற்றம். பிரான்ஸ் 2020-இல் 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்காவில் அதே வருடம் 50 கோடி டாலர் வரை கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள ஆப்பிள் சம்மதித்தது.

அந்தக் கூச்சலால் ஒரு நன்மை விளைந்தது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3 முதல், மின்கலம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை ஐபோனே காட்டுகிறது. அது 80 விழுக்காட்டுக்குக் கீழே போயிருந்தால் போன் மெதுவாக இருப்பதற்குப் புதுப்பிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. மின்கலத்தை மாற்றினாலே பல கருவிகள் சுறுசுறுப்பாகிவிடும். புதிய கருவியின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு செலவு. மகன் அம்மாவிடம் கருவியை ஒப்படைக்கும் நாளில் புது உறை வாங்கிப் போடுவதைவிடப் புது மின்கலம் போட்டுக் கொடுப்பது உதவி.

புதுப்பிக்காமல் விடுவதால் வரும் ஆபத்துக்கும் நம் பக்கத்து மொழியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில், தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று செய்தியில் வந்தாலே ஐபோனின் செயலிகள் நிலைகுலைந்து மூடிக்கொண்டன. நம் வட்டார எழுத்துகளில் மெய்யும் உயிரும் சேர்ந்து வடிவம் மாறுகின்றன அல்லவா? அந்தச் சேர்க்கையைக் கணக்கிடும் இடத்தில் மென்பொருள் தடுமாறியது. சிலர் வேண்டுமென்றே அந்த எழுத்தை அனுப்பி விளையாடினார்கள். சில நாள்களில் ஐஓஎஸ் 11.2.6 வந்து அதைச் சரிசெய்தது. புதுப்பித்தவர் தப்பித்தார், "பிறகு" என்றவர் அடுத்த செய்திக்குப் பயந்து கொண்டிருந்தார்.

வங்கி விஷயம் இதைவிடக் கடுமையானது. குறுஞ்செய்தியில் ரகசிய எண் அனுப்பும் முறையிலிருந்து வங்கிகள் விலக வேண்டும் என்று பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் அறிவித்தது. ஏமாற்றுக்காரர்களின் கை ஓங்கியதே காரணம். அதன் பிறகு வங்கிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் செயலியிலேயே ஒப்புதல் வாங்கும் முறைக்கு மாறின. அந்தச் செயலிகளோ, மிகப் பழைய இயங்குதளத்தில் ஒரு கட்டத்துக்கு மேல் இயங்க மறுக்கின்றன. அப்போது பாட்டியின் கைத்தொலைபேசி பேசும், பாடும், படம் காட்டும். அவர் கணக்கில் இருக்கும் பணத்தை மட்டும் தொட விடாது. வன்பொருள் பக்கமும் இப்படி நடந்ததுண்டு. நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டபோது, 4ஜி இல்லாத கருவிகளில் இணையம் முடங்கியது.

வாக்குறுதியை நம்பி வாங்கலாமா?

புதியது வாங்குவோர் செய்யும் இன்னொரு தவறு, இனிமேல் வரப்போவதற்கு இப்போதே பணம் கட்டுவது. 2017 செப்டம்பரில் ஏர்பவர் என்ற மின்னூட்டப் பலகையை ஆப்பிள் மேடையில் காட்டியது. ஒன்றரை வருடம் கழித்து, 2019 மார்ச்சில், அதைக் கைவிடுவதாக அறிவித்தது. அது சின்ன விஷயம். 2024-இல் நடந்தது பெரியது. அந்த வருட ஜூனில் ஆப்பிள் இன்டெலிஜன்ஸ் என்ற பெயரில் செயற்கை நுண்ணறிவு வசதிகள் அறிவிக்கப்பட்டன. உரிமையாளரின் செய்திகளையும் தேதிகளையும் புரிந்துகொண்டு பதில் சொல்லும் புதிய சிரியும் அதில் அடக்கம். செப்டம்பரில் ஐபோன் 16 அந்த விளம்பரத்தோடுதான் விற்பனைக்கு வந்தது. 2025 மார்ச்சில், அந்தச் சிரிக்கு இன்னும் காலம் பிடிக்கும் என்று நிறுவனமே சொல்லிவிட்டது. விளம்பரத்தை நம்பி வாங்கிய சிலர் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள்.

நம்மவர்கள் இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 இறுதி வரை அந்த நுண்ணறிவு வசதிகள் பேசிய மொழிகளில் ஆங்கிலம், சீனம், ஜப்பானியம், கொரியம், வியட்நாமியம் எல்லாம் இருந்தன. தமிழும் இல்லை, மலாயும் இல்லை. வீட்டில் ஆங்கிலம் பேசாத ஒருவருக்காக அந்த வசதியை நம்பிக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

அப்படியானால் எதைக் கேட்டு வாங்குவது? இந்தக் கருவி வெளியாகி எத்தனை வருடம் ஆகிறது, இன்னும் எத்தனை வருடம் புதுப்பிப்பு வரும் என்று கேட்க வேண்டும். கடைக்காரர் விழித்தால் அவர்மேல் கோபப்படத் தேவையில்லை. இது வரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். முன்பெல்லாம் நிறுவனங்களும் இதற்கு நேராகப் பதில் சொன்னதில்லை. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருடம் என்று எழுத்திலேயே உறுதி கொடுத்தன. பிரிட்டன் 2024-இல் கொண்டுவந்த சட்டப்படி எத்தனை வருடம் என்று சொல்லியாக வேண்டும். ஐபோன் 15 புரோ மேக்ஸுக்கு அங்கே ஆப்பிள் கொடுத்த குறைந்தபட்ச உறுதி ஐந்து வருடம். நடைமுறையில் அதைவிட அதிகமாகவே கொடுத்து வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்பனை நிறுத்தப்பட்ட பிறகும் குறைந்தது ஐந்து வருடம் புதுப்பிப்பு வர வேண்டும் என்பது விதி.

விலை மலிவான ஆண்ட்ராய்டு கருவிகளில் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். அறுநூறு வெள்ளிக்கு வாங்கி இரண்டே வருடத்தில் புதுப்பிப்பு நின்றுபோனால், அது மலிவு அல்ல. பழைய ஐபோனைக் கைமாற்றாக வாங்குவோரும் இதே கணக்கைப் போட வேண்டும். ஐந்து வருடப் பழைய கருவி பாதி விலைக்குக் கிடைத்தாலும், அதன் ஆயுளில் பெரும்பகுதியை முதல் ஆள் தின்றுவிட்டார்.

காத்திருப்பதா, வாங்குவதா என்ற கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கையில் இருப்பது ஓடுகிறது, புதுப்பிப்பும் வருகிறது என்றால் அவசரமே இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர் ஜூலை, ஆகஸ்டில் இருந்தால் செப்டம்பர் வரை பொறுப்பது நல்லது. புதியது வந்ததும் முந்தைய வருடத்துக் கருவியின் விலை பெரும்பாலும் இறங்கும். டிசம்பர், ஜனவரியில் நின்றுகொண்டு அடுத்த செப்டம்பரை எதிர்பார்ப்பது, மழைக்காலத்தில் குடை வாங்காமல் அடுத்த மாதிரி வரட்டும் என்று நனைவது போன்றது.

ஐபோன் எக்ஸ்ஆர் அல்லது அதற்குப் பின் வந்தது வீட்டில் பெரியவர்கள் கையில் இருந்தால், அதில் தமிழை வரவழைக்க ஐந்து நிமிடம் போதும். முதலில் வீட்டு வைஃபை இணைப்பில், மின்னூட்டம் போட்டபடி, படங்களைப் பிரதி எடுத்துவிட்டு, இயங்குதளத்தைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு செட்டிங்ஸ் பகுதியில் ஜெனரல், அதனுள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் என்பதற்குப் போய்த் தமிழைச் சேர்க்க வேண்டும். திரை ஒரு முறை இருண்டு, தமிழில் திரும்பி வரும். சில சொற்கள் தமிழ்நாட்டுப் புழக்கமாகவோ அகராதித் தமிழாகவோ தோன்றலாம். இரண்டு வாரத்தில் பழகிவிடும். பிடிக்காவிட்டால் அதே இடத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எழுத்து சிறியதாக இருக்கிறது என்று பாட்டி சொன்னால், திரையமைப்புப் பகுதியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கும் வசதியும் இருக்கிறது.